அவளுக்குக் கேட்ட குரல்

மதியம் மூன்று மணிக்கு அவன் மனைவி சமையலறைச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் அதன் மூலையில் முனகிக்கொண்டிருந்தது, கொடியில் சரியாகக் காயாத துணியின் வாடை அறையெங்கும் கவிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக அவளுக்குக் காது அறவே கேட்கவில்லை. டாக்டர், பேங்க், பக்கத்து வீட்டு வம்பு, எல்லாவற்றுக்கும் அவன் உதடுதான் அவளுக்குக் காது. போன வருடம் அறுவை செய்து காக்ளியர் கருவி பொருத்தினார்கள்; காதுக்குப் பின்னால் ஒட்டும் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி மாட்டலாம். முதலில் எல்லோரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருந்தது. பயிற்சி செய்யச் செய்ய மூளை பழகிவிடும் என்றார் கேட்கும் பயிற்சி தந்த ஆடியாலஜிஸ்ட். பழகிவிட்டது. அக்காவிடம் தானே போனில் பேசினாள், மழைச் சத்தம் கேட்டு அழுதாள். அவன் வாயை ஏறிட்டுப் பார்ப்பது மட்டும் நின்றுபோனது. சொந்தபந்தமெல்லாம் வாழ்த்தியது, அவனுக்கோ வயிறு எரிந்தது.

"யாரைப் பார்த்துச் சிரிக்கறே?"

"உங்களுக்குக் கேக்கலையா? எவ்வளவு இதமான குரல்!"

அவன் குரலை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவன் அதை எடுத்துத் தன் பழைய ஷூவுக்குள் திணித்தான். இனி என் முகத்தைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

ஈரத் தலையோடு வந்தாள், கருவியை வைத்த இடத்தைத் துழாவினாள். கருவி இல்லாமல் இடியே விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. "என்ன தேடறே?" என்று அவன் வாயசைத்தான். அவள் பார்க்கவில்லை. சுவரிடம் போய் நின்றாள்.

"எங்கே வெச்சிருக்கார்?"

தலையைச் சாய்த்தாள். கேட்டாள். சரியென்று தலையாட்டினாள்.

நேராக ஷூ அலமாரி. கை உள்ளே போனது.

கருவியோடு வெளியே வந்தது.

"பொறாமையாம் உங்களுக்கு. அவர்தான் சொல்றார்." கோபமே இல்லாமல் சொன்னாள். அருகில் வந்து, அவன் காதோரம் முடியை ஒதுக்கி, கருவியை அங்கே கொண்டுபோனாள். "நீங்களும் கேளுங்க."

அது ஒட்ட வேண்டுமானால் தோலுக்கடியில் காந்தம் வைத்துத் தைத்திருக்க வேண்டும். அவன் தலையில் எவரும் கத்தி வைத்ததில்லை. விழுந்துவிடும். விழ வேண்டும்.

டக்.

ஒட்டிக்கொண்டது.

தடவிப் பார்த்தான். காதுக்குப் பின்னால், முடிக்கடியில், ஒரு தையல். நீளமாக. இன்னும் காயாமல்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.