கும்பிடுபூச்சி பார்த்த பக்கம்

இந்த அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில், என் தங்கை பெரியநாயகியைப் பிரசவத்துக்கு அழைத்துவரக் காஞ்சிபுரம் போனேன். அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு ஐயம்பேட்டையில் இருக்கும் என் வீடுதான் தாய்வீடு. வளைகாப்பு முடிந்தும் அவள் புருஷன் நமச்சிவாயம் அவளை அனுப்பாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிப் பிள்ளையார்பாளையத்துக்குள் நடந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள்.

நமச்சிவாயத்தை முகத்துக்கு நேரே 'நீங்க' என்பேன். இப்போது அவன் எதிரில் இல்லை, 'அவன்' போதும்.

நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் கால் வைக்காதவன். பட்டுக்கடை வைத்திருந்தான். கடைக்கு வரும் மெட்ராஸ்காரர்களைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் ரோஜாத் தோட்டத்தைக் காட்டி இளிப்பான். கட்டினவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. செடியில் பூத்ததையும் அவள் தொடக்கூடாது.

இந்த வருஷம் ரோஜாவில் பூச்சி விழுந்தது. கும்பிடுபூச்சியை வளர்த்து விட்டால் அது மற்றப் பூச்சியைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னார்களாம். செலவில்லாத யோசனை என்றால் அவனுக்கு அது வேதவாக்கு. ஆற்றங்கரை வேலிகளில் அலைந்து, முட்டைக்கூடுகளைக் குச்சியோடு ஒடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"பொரிச்சதும் கூட்டிக்கினு போங்கக்கா" என்றான் என்னிடம். "பல்லி, எறும்பு வராம ஒரு ஆளு பாத்துக்கினே இருக்கணும். எனக்குக் கடை இருக்குதில்ல."

வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் பூச்சி முட்டைக்குக் காவல். இப்படி ஒரு கேவலத்தை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

முட்டைக்கூடுகளை அவன் தொங்கவிட்டிருந்தது பழைய தறி அறையில். அது அவன் அண்ணன் தணிகாசலத்தின் அறை. அந்த வீட்டில் நெய்யத் தெரிந்த ஒரே மனிதர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கால்கள் விழுந்துபோய், தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்து, முந்தின வருஷம் சித்திரையில் செத்துப்போனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நமச்சிவாயம் ஊருக்குச் சொன்னான். உயிர் போன இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கேற்றி ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார்கள். அதையும் அவன் வைக்கவிடவில்லை. சடங்கில் நம்பிக்கை இல்லை என்றானாம். அவனுக்கு நம்பிக்கை இல்லாதது செலவில். தண்ணீருக்கு என்ன செலவு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த அறையை முட்டைக்காகத்தான் திறந்திருந்தான்.

உள்ளே போனேன். ஜன்னலில் கோணி அடைத்திருந்தது. பழைய கஞ்சி வாடை. தறிமரத்தில் கழிவு நூலைக் கட்டி, காய்ந்த சோப்பு நுரை நிறத்தில் கூடுகள் தொங்கின. அதற்கடியில் பெரியநாயகி பக்கத்தில் கூஜாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னாடி இது?"

"தாகமா இருக்குதுக்கா. குடிக்கக் குடிக்க இன்னும் ஆவுது. இந்த ரூமுக்கு வந்ததுலேருந்து இப்பிடித்தான்." அவள் வயிற்றைத் தடவினாள். "கொழந்தை முந்தி மாதிரி அசையலக்கா."

நான் எழுந்து கதவை நன்றாகத் திறந்துவைக்கப் போனேன். பழைய கதவு. ஆனால் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பெயிண்டுக்குக் கீழே மரம் கீறல் கீறலாக இருந்தது.

பெரியநாயகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க அண்ணன் சாவறப்போ நாங்க வாலாஜாபாத் கல்யாணத்துக்குப் போயி மூணு நாளு தங்கினோம்" என்றாள் மெதுவாக. "வெளியில தாப்பா போட்டாரு. பக்கத்து வீட்டுல சொல்லிட்டேன், பாத்துக்குவாங்கன்னாரு. நானும் நம்பிட்டேன்."

"சொன்னானா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

மறுநாள் அதே உச்சிவேளையில் முட்டை பொரிந்தது.

கூட்டின் நடுவிலிருந்து நூல் நூலாக இறங்கின. கொசு அளவுக்குக் குஞ்சுகள். தறிமரம் முழுக்க, நூல் முழுக்க, என் தங்கையின் முந்தானை முழுக்க ஊர்ந்தன. பிறந்த சூட்டோடு முன்னங்காலை மடக்கிக் கும்பிட்டன. எனக்கு அருவருப்பாக இருந்தது. பெரியநாயகி முந்தானையை உதறக் கை தூக்கினாள்.

அப்போது எல்லாம் அசையாமல் நின்றன.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

அவை தறிக்குப் பக்கத்தில், பாய் கிடந்த இடத்தைப் பார்த்தன. அங்கே வெறும் தரைதான் இருந்தது. நான் குஞ்சுகளுக்கு முன்னால் கையை ஆட்டினேன். ஒன்றுகூட என் கையைப் பார்க்கவில்லை.

தலைகள் திரும்பின.

மெதுவாக. ஒரு சாண் தூரம் போய் நின்றன. மறுபடி ஒரு சாண். தரையோடு தரையாக எதையோ பார்த்துக்கொண்டே வந்தன. நடக்கிற ஆளைப் பார்க்க அவ்வளவு கீழே குனியத் தேவையில்லை. கால் விளங்காமல் கையால் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறவரைத்தான் அப்படிப் பார்க்க வேண்டும்.

அவை பார்த்த இடத்தில் தரைப் புழுதி லேசாக விலகிற்று.

பெரியநாயகி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் காய்ந்த சருகாக இருந்தன. தலைகள் கதவுப் பக்கம் வந்து நின்றன. திறந்த கதவு என்றாலும் அங்கேயே நின்றன. பிறகு மெல்லத் திரும்பிப் பாய் கிடந்த இடத்துக்குப் போயின. மறுபடி கதவுக்கு வந்தன.

எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

"பொரிச்சிருச்சா?"

நமச்சிவாயம். கடையிலிருந்து சாப்பிட வந்தவன், வாசற்படியில் வந்து நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"பாத்தீங்களாக்கா, எல்லாம் எனக்குக் கும்பிடு போட்டுக்கினு இருக்குது."

தலைகள் தரையிலிருந்து அவன் கால் கட்டைவிரலுக்கு வந்திருந்தன. முழங்காலுக்கு ஏறின. இடுப்புக்கு. கழுத்துக்கு.

அங்கே நின்றுவிட்டன.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. தொண்டையைத் தடவிக்கொண்டான். எச்சில் விழுங்கப் பார்த்தான், முடியவில்லை.

"அக்கா" என்றான். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

கூஜாவை நீட்டினேன். அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தான். துடைத்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினான். கூஜாவில் சொட்டும் இல்லை என்றதும் கிணற்றடிக்கு ஓடினான். ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

பெரியநாயகி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தாகம் போயிருச்சுக்கா." அவள் கை வயிற்றுக்கு இறங்கியது. "உதைக்குது."

அதற்கு மேல் அங்கே என்ன வேலை? அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நாங்கள் வாசலைத் தாண்டும்போதும் அவன் வாளியில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். எங்களைத் தடுக்கவில்லை.

ஆண்பிள்ளை பிறந்தது. ஆவணியில் என் வீட்டில் பேர் வைத்தோம். அதற்கு அவன் வந்தான். ஆள் பாதியாக உலர்ந்திருந்தான். கையில் கூஜா. ரோஜாவெல்லாம் பட்டுப்போய்விட்டதாம், கிணறும் அடி கண்டுவிட்டதாம். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான். அவன் தோளில் விரல் நீளத்துக்கு ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தது.

"மத்ததெல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு" என்றான். "இது மட்டும் எங்க போனாலும் கூடவே வருது."

பூச்சி எங்களைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் வாசற்படியைப் பார்த்தது. அதன் தலை தாழ்ந்து, தரையோடு ஒரு சாண் திரும்பியது. மறுபடி ஒரு சாண். அதன் பார்வை கூடத்துக்குள் வந்து, தொட்டிலுக்குக் கீழே நின்றது.



நான் சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, அது பார்த்த இடத்தில் வைத்தேன். நமச்சிவாயம் தவித்துப்போய்க் கையை நீட்டினான்.

"இது உங்களுக்கு இல்ல" என்றேன்.

அவன் கண்ணெதிரே சொம்பில் தண்ணீர் குறைந்தது. முதலில் விரல்கடை. பிறகு பாதி. கடைசியில் சொம்பின் அடி தெரிந்தது.

அவன் எழுந்து போனான். பூச்சியும் அவன் தோளிலேயே போயிற்று. அவன் தாகம் தீர்ந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பிறவிக்கு என் வாயால் விசாரிப்பு வேறு கேடா?

அவனோடு வந்தவர் போகவில்லை. தினமும் விளக்கு வைக்கும்போது தொட்டிலுக்குக் கீழே ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கிறேன். விடிந்தால் அது காலி. அதில் எனக்கு வருத்தமில்லை, பயமும் இல்லாமல்தான் இருந்தது.

போன வாரம் ஒரு நாள் விருந்தாளி வந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். காலையில் குழந்தை அழுதது. ஓடிப்போய்த் தூக்கினேன். அதன் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.