மூடியில்லாத பியானோ

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பின்னேரம் கிருபன் அண்ணா உடையார்கட்டு ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் காலைக் கழுவிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுச் சொந்த வீடு போல உட்கார்ந்தார். முதுகுப் பையிலிருந்து முழங்கை நீளத்தில் ஒரு சின்ன சிந்தசைசரை எடுத்து மேசையில் வைத்தார். பற்றரியில் வேலை செய்யும், விரும்பிய சத்தத்தை நாங்களே உருவாக்கக்கூடிய கீபோட்.

"இதிலை பியானோச் சத்தம் இல்லை, தர்மிளா. நாங்கள்தான் செய்யவேணும். நிஷாந்தன்ர மெட்டைப் பியானோவிலை வாசிச்சாத்தான் அவன்ர ஆசை தீரும்."

நிஷாந்தன் என் அண்ணன். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் காணாமல் போனவன். சண்டை நெருங்க, அம்மாவும் நானும் முதல் நாளே ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டோம். அண்ணனும் அவன் கூட்டாளி கிருபனும் மறுநாள் ட்ராக்டர் இழுக்கும் பெட்டியில் வருவதாகப் பேச்சு. கிருபன் மட்டும்தான் வந்து சேர்ந்தார். "அவன் பின்னாலை வந்த பெட்டியிலை ஏறினவன் அம்மா" என்றார். அந்த ஒரு வசனத்தை நம்பி அம்மா சாகும்வரை உலையில் அவனுக்கென்று ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டார்.

நான் நம்பவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் கிருபன் தன் விரல்களையே பார்ப்பார். என் அண்ணனை இவர் கடைசியாக எங்கே விட்டார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் வரச் சொன்னேன்.

"பியானோ எண்டது மரச்சுத்தியல் கம்பியிலை அடிக்கிறது. அடிக்கேக்கை உரத்துக் கேக்கவேணும், பிறகு தன்பாட்டிலை தேயவேணும்."

குமிழ்களைத் திருகினார். முதலில் சைக்கிள் மணி போலத்தான் கேட்டது. இரண்டு ஒலிகளை ஒன்றாக வைத்து, ஒன்றைக் கொஞ்சமே கொஞ்சம் சுருதி விலக்கினார். சத்தத்துக்கு உடம்பு வந்தது. கூர்மை முதலில் மங்கி, கனம் பின்னால் மங்கும்படி இன்னொரு குமிழைத் திருப்பினார். கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது.

"மரச்சத்தம் காணாது. நிஷாந்தன்ர பலகை இன்னும் இருக்கோ?"

இருந்தது. சண்டைக் காலத்தில் எங்களிடம் கரண்டும் இல்லை, கீபோட்டும் இல்லை. அண்ணன் ஒரு முதிரை மரப் பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைக் கீறிவைத்து, சத்தமில்லாமல் அதில் பழகுவான். நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பலகை மட்டும் கிடந்தது. அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிருபன் அதை விரலால் தட்டி, அந்தச் சத்தத்தைப் பதிந்து, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் சேர்த்தார்.

வாசித்தார். அச்சு அசல் பியானோ. மெட்டின் பாதியில் கையை எடுத்தார், அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

மெட்டு நிற்கவில்லை.

அண்ணன் எனக்கு மட்டும் வாயால் பாடிக் காட்டிய மிச்சம், ஒவ்வொரு சுரமாக, மெதுவாக வந்தது.

"நீ எதையும் அமத்தினியோ?" என்று கிருபன் கிசுகிசுத்தார்.

"இல்லை."

டொக்.

மேசைக்கு அடியிலிருந்து டீசல் மணம் வந்தது. எங்கள் வீட்டில் டீசலில் ஓடும் ஒன்றும் கிடையாது.

டொக். டொக்.

கிருபன் சத்தத்தை நிறுத்த வலக்கையைக் கட்டைகளின் மேல் அழுத்தினார். இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கவே மாட்டேன் என்று தெரிந்தது.

"கிருபன் அண்ணா, என்ர அண்ணாவைக் கடைசியா எங்கை கண்டனீங்கள்?"

"அவன் பின்னாலை வந்த பெட்டியிலை..."

மூடி விழுந்தது.

அந்தச் சாமானுக்கு மூடி கிடையாது. மேலே வெறும் காற்றுத்தான். ஆனாலும் பாரமான பலகை விழுந்த சத்தத்தைக் கேட்டேன். அவருடைய நான்கு விரல்கள் நசிந்து தட்டையாவதைக் கண்ணால் கண்டேன். கையை இழுக்க முடியாமல் அலறினார்.

"விடச் சொல்லு! சொல்லுறன்! அவன் பெட்டிக்குப் பின்னாலை தொங்கிக்கொண்டு வந்தவன். உள்ளுக்கு இடமில்லை, செல் விழுந்து வெடிக்குது. நான்தான் பின்பலகையைத் தூக்கி அவன்ர விரலிலை அடிச்சனான்."

அழுத்தம் குறையவில்லை.

"ஒரு கைதான் விட்டது. மற்றக் கைக்கு... திரும்பவும் அடிச்சனான்."

அப்போதுதான் கை வெளியே வந்தது.

இனி மரியாதை எதற்கு. அம்மாவின் பழைய சீலையைக் கிழித்துக் கட்டி அவனை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஆஸ்பத்திரியில், வாகனக் கதவில் நசிந்ததென்று சொன்னானாம். நான்கு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், சிந்தசைசரை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். அதைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது.

"இதை ஏன் கொண்டு வந்தனீ?"

"பற்றரியைக் கழட்டியும் தட்டிக்கொண்டே இருக்கு. விடியவிடிய இல்லை, பகலிலைதான். அண்ணா பழகிற நேரம்."

"தர்மிளா, உன்னைக் கும்பிடுறன். கொண்டு போ."

கட்டிலில், அவனுடைய நல்ல கைப்பக்கமாக வைத்தேன். அவன் இடக்கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். உடனே அவன் கண்கள் விரிந்தன. உள்ளே எதையோ தொட்டுவிட்டவன் போல மூச்சை அடக்கினான்.

கட்டிலின் மேல் நான் வைத்த இடம் வெறுமையாக இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து மெட்டின் முதல் சுரம் கேட்டது.

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.