பாலாடைக் குளத்தின் உலுக்கல்

பாலாடைக் குளத்தைத் தாண்டிப் போன ஏழுமடை ஊர் ஜீப் ஒன்றுகூடக் கிடையாது. போனவர்கள் எல்லோரும் பாதியில் திரும்பியவர்கள்தான். திரும்பி வந்து கதை சொல்வதில் மட்டும் ஒருத்தரும் குறை வைத்ததில்லை. மலை உச்சியில், மேகத்துக்குப் பக்கத்தில், மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று கிடக்கிற வற்றிய குளம் அது. மேலே காய்ந்த மண், அடியில் சேறு. ஆறிய பாலில் ஆடை படிந்த மாதிரி. மெதுவாகப் போனால் சக்கரம் ஆடையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். வேகமாகப் போனால் குளம் ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்கும். குளத்துக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்தபடியே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் குளத்தின் கரையில்தான் வைகாசிக் கடைசியில் ஒரு காலையில் பவுன்தாய் தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அக்கரையில் அவள் தம்பி தவசி கிடந்தான்.

ஏழுமடையில் இரண்டு வருடமாக ஏலச்செடிகள் தூரோடு அழுகிக்கொண்டிருந்தன. மருந்தடித்துப் பார்த்தார்கள், பிடுங்கிவிட்டுப் புதுச் செடி வைத்தும் பார்த்தார்கள். இந்த நேரத்தில்தான் இடிந்த பங்களா ஒன்றின் கூரையிலிருந்து தவசிக்கு ஒரு பழைய வரைபடம் கிடைத்தது. குளத்துக்கு அக்கரையில், தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன ஏலத்தோட்டம் ஒன்று அதில் பச்சை மையில் குறிக்கப்பட்டிருந்தது. அந்தச் செடிக்கு அழுகல் வந்ததே இல்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அது போதாதா தவசிக்கு? அவல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வரைபடத்தில் இருந்த பழைய தடத்திலேயே பள்ளத்தாக்கைச் சுற்றி இரண்டு நாள் நடந்தே போய்விட்டான். அன்று விடிகாலையில்தான் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'தோட்டம் இருக்குக்கா. கால் ஒடிஞ்சிருச்சு. குளத்தோரம் பெரிய பாறைக்கிட்ட கிடக்கேன்.' அதன்பிறகு அவன் போன் செத்துவிட்டது.

"நடந்துகூட அக்கரைக்குப் போயிரலாம் மதினி," என்றாள் தவசியின் மனைவி கனகமணி. ஏலக்காய்க் களத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு அப்படியே ஓடி வந்தவள். "அந்த மனுசனத் தூக்கிக்கிட்டு இந்தச் சேத்துல எப்படித் திரும்புறது?"

"அதுக்குத்தான வண்டி," என்றாள் பவுன்தாய்.

மூன்றாவது ஆள் சம்சுதீன். சின்ன வயதில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். இருபது வருடமாக ஏழுமடையில் ஜீப் ஓட்டுகிறார். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத மனிதர். அவர் மேற்கே பார்த்தார். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

"மத்தியானத்துக்குள்ள மழை பிடிச்சிரும் பவுனு. இது பருவ மழை. ஒரு தடவை குளம் நனைஞ்சா தையி வரைக்கும் வண்டி இறங்காது."

"அப்ப ஏறுங்கண்ணே."

ஜீப் குளத்தில் இறங்கியது. எப்பேர்ப்பட்ட இடம் அது! கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் மூடுபனி. எது தரை எது வானம் என்றே தெரியவில்லை. சத்தமில்லை, மேடு பள்ளமில்லை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டியே பழகியவளுக்கு, தூக்கத்தில் பறப்பது போலிருந்தது. வேகம் முப்பது. முப்பத்தைந்து. தம்பி என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாமே என்று இன்னொரு பக்கம் மயங்கியது.

நாற்பதில் ஒரு சின்ன வரப்பு. சக்கரம் அதில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். உள்ளங்கையில் முதலில் லேசாக ஒரு குறுகுறுப்பு. மறுகணம் ஸ்டியரிங் இடதும் வலதுமாக வெட்டி வெட்டி அடித்தது. முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்து ஆடின. பக்கக் கண்ணாடி கழன்று விழுந்தது. போன வருடம் ஒடிந்து கூடிய பவுன்தாயின் வலது மணிக்கட்டில் உயிர் போகும் வலி. கனகமணி கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"விட்டுரு பவுனு, காலை எடு! குளம் உலுக்குது!" என்று கத்தினார் சம்சுதீன்.

வேகத்தைக் குறைத்தாள். நாற்பதில் பிடித்த ஆட்டம் இருபதுக்கு வந்தும் அடங்கவில்லை. கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் அடங்கியது. நின்றதும் பின்சக்கரம் புதைந்தது. பலகை போட்டு, தள்ளி, சேற்றில் குளித்து, வண்டியைப் பின்னாலேயே உருட்டிக் கரையேற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. கனகமணி அக்கரையையே பார்த்து நின்றாள். அந்தப் பார்வை பவுன்தாயை அறுத்தது.

"நான்தான் சொன்னேனே, இது நம்மளால..." என்று ஆரம்பித்தார் சம்சுதீன்.

"சும்மா இருங்கண்ணே." பவுன்தாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்னால கம்பத்துலருந்து ஒரு வாத்தியார் வந்தாரே, பறவை பாக்குறவரு. அவரு ஜீப்பும் நம்ம ஜீப்பும் ஒரே மாடல்தான?"

"ஆமா. இதவிடப் பழசு."

"அவரு அக்கரைக்குப் போயிட்டு வந்தாரா இல்லையா?"

"வந்தாரு. உலுக்கலியான்னு கேட்டா, என்ன உலுக்கல்னு நம்மளையே திருப்பிக் கேட்டாரு. குளத்துக்கு அவரப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டோம்."

"குளத்துக்கு அவரு என்ன மாமனா மச்சானா? அவரு வண்டியில இல்லாத ஏதோ ஒண்ணு நம்ம வண்டியில இருக்கு."

சம்சுதீன் எதிர்வாதத்தை விட்டுவிட்டு ஸ்பேனர் பெட்டியை இறக்கினார். வாழ்நாளில் அபூர்வமான காட்சி அது.

மூவரும் வேலையில் இறங்கினார்கள். சக்கர நட்டுகள் இறுக்கமாக இருந்தன. கனகமணி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப, பவுன்தாய் அடியில் படுத்து, சக்கரங்களை இணைக்கிற கம்பியின் மூட்டு ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்தாள். ஒரு மூட்டிலும் தொளதொளப்பு இல்லை. பிறகு ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை கொடுத்து அசைத்தாள். டொக். மறுபடி அசைத்தாள். டொக்.

"வீல் பேரிங்காத்தான் இருக்கும்," என்றார் சம்சுதீன்.

"பிரேக்க மிதிங்க."

மிதித்தார். வீல் பேரிங்கில் கோளாறு என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதே டொக்.

"அப்ப கிங்பின்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சக்கரம் இடதும் வலதும் திரும்புவதற்கு மேலும் கீழும் அச்சாக நிற்கிற முளை அது. அதன் மூடிக்கடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். தகடு கூடினால் பிடி தளரும், குறைந்தால் இறுகும்.

பவுன்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஏழுமடை ஸ்டாண்டில் புது ஜீப் வந்தால் முதல் வேலையே 'லேசாக்குவது'தான். கொண்டை ஊசியில் கை வலிக்காமல் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டுமே. அதற்காக அந்த மூடிக்கடியில் தகரத்தை வெட்டி ஒரு தகடு கூடுதலாகச் சொருகுவார்கள். எல்லாரும் செய்வது, காலங்காலமாகச் செய்வது. மலைப்பாதையில் இருபதுக்கு மேல் எந்த வண்டியும் போவதில்லை. அதனால் அந்தத் தளர்ச்சி யாருக்கும் தெரிந்ததே இல்லை. சமதளமான இந்த ஒரே இடத்தில் வேகம் பிடித்தவுடன்தான் அது பேயாட்டம் ஆடியிருக்கிறது. பழி குளத்தின் மேல்.

"அண்ணே, மிலிட்டரியில இத எப்படிப் பாப்பீக?"

சம்சுதீன் முகம் தொங்கிப்போயிருந்தது. "கம்பியக் கழட்டிவிட்டுட்டு, சக்கரத்தத் திருப்புற இரும்புக் கையில தராசு மாட்டி இழுப்போம். அஞ்சு கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் நடுவுல இழுத்தாத்தான் திரும்பணும். இங்க வந்த புதுசுல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஊரோட ஒத்துப் போயிட்டேன்."

"இப்பத் தராசுக்கு எங்க போக?"

கனகமணி எழுந்து ஜீப்பின் பின்னால் போனாள். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசு அங்கேதான் எப்போதும் தொங்கும். எடுத்து வந்து நீட்டினாள்.

கம்பியைக் கழற்றிவிட்டு, கொக்கியை மாட்டி இழுத்தார்கள். முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதற்குள் சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

பவுன்தாய் மூடியின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினாள். கிரீஸில் ஊறிய தகடுகளை ஒவ்வொன்றாக விரித்தாள். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். ரோஜாப்பூப் படம் போட்ட தகரம்.

"இது என் பவுடர் டப்பா," என்றாள் கனகமணி. "போன வருசம் காணாமப் போச்சு. ரெண்டு நாள் வீடெல்லாம் தேடுனேன்."

போன வருடம்தான் பவுன்தாய்க்கு மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த அன்று தவசி, அதுவரை லேசாக்காத அவள் வண்டியை வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தான். அக்காவுக்கு இனிமேல் கையே வலிக்காது என்றான். பூ மாதிரித் திரும்பியது ஸ்டியரிங். அவன் பாசத்தை மெச்சிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறாள். அந்தப் பாசம்தான் இப்போது அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டராக விரிந்து கிடந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"அழுறதுக்கு நேரமில்ல மதினி," என்றாள் கனகமணி. "அடுத்த சக்கரத்து மூடியக் கழட்டுங்க."

இரண்டு பக்கமும் பூத்தகட்டை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினார்கள். தராசை மாட்டினார்கள். இடது பக்கம் ஐந்தரை. வலது பக்கம் ஆறு. சம்சுதீன் முள்ளையே பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பியைத் திரும்ப மாட்டினார்.

ஜீப் மறுபடி வெள்ளைக்குள் இறங்கும்போது சூரியன் மேகத்துக்குள் போயிருந்தது. நாற்பது. அதே வரப்பு. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரம் ஏறியது, இறங்கியது, நேரே போனது. ஸ்டியரிங் கனமாக, அமைதியாக, கைக்குள் இருந்தது. நாற்பத்தைந்து. மூடுபனி ஜீப்பின் இரண்டு பக்கமும் விலகி விலகி வழிவிட்டது. கொஞ்ச தூரத்தில் எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. யாரோ பாயசம் இறக்கி வைத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

"ஏலக்கா," என்றாள் கனகமணி, கண்ணை மூடியபடி. "இடது பக்கம் போங்க."

வாசனையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பெரிய பாறை தெரிந்தது. பாறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு வளர்ந்த ஏலச்செடிகள், பனிக்குள் பச்சையாக, முடிவே இல்லாமல் நின்றன. ஒரு இலையில் கறை இல்லை. பாறையடியில் தவசி, வீங்கிய காலைக் கம்பு வைத்துக் கட்டிக்கொண்டு, உதடு வெடித்துக் கிடந்தான். மடியில் மட்டும் ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு தூர்களைப் பத்திரமாக வைத்திருந்தான்.

"கனகு," என்றான். பிறகு அக்காவைப் பார்த்துக் குழம்பினான். "குளத்து வழியாவா வந்தீங்க? உலுக்கலியா?"

"வண்டியில ஏறு, சொல்றேன்," என்றாள் பவுன்தாய். அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். திட்டுவதற்காக அவன் கிளம்பிப் போன நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை.

திரும்பும்போது மழை துரத்திக்கொண்டு வந்தது. வெள்ளைத் தரையில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன, புள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. பின்னால் அவர்கள் வந்த தடத்தில் தண்ணீர் ஊறியது. பவுன்தாய் ஐம்பதைத் தொட்டாள். முன்சக்கரம் கரைப்புல்லில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். குளம் முழுதும் கண்ணாடியாகிவிட்டிருந்தது. வானம் அதற்குள் இறங்கிக் கிடந்தது. இத்தனை வருடம் பழி சுமந்ததற்கு அது ஒரு கோபமும் காட்டவில்லை.

மலையிறக்கத்தில்தான் சோதனை. இறுகிய ஸ்டியரிங்கோடு இருபத்தேழு வளைவுகளும் அவள் கையைப் பிழிந்து எடுத்தன. பதினெட்டாவது வளைவில் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தாள்.

அடுத்த வாரம் ஏழுமடை ஸ்டாண்டில் பதினோரு ஜீப்புகள் மூடி திறந்து நின்றன. எண்ணெய் டப்பாத் தகரம், பிஸ்கட் டப்பாத் தகரம், என்னென்னவோ வந்தது. சம்சுதீன் கொக்கித் தராசைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக மேற்பார்வை பார்த்தார். முதலிலேயே சொன்னது யார் என்று எல்லோரிடமும் கேட்டார். தவசி கொண்டுவந்த தூர்கள் ஊன்றிய பாத்தியில் இருபதாம் நாள் முளை விட்டன. அழுகல் இல்லை.

ஒருநாள் கால் கட்டோடு அக்காவின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த தவசி, டாஷ்போர்டில் அவள் ஒட்டி வைத்திருந்த அந்த ரோஜாப்பூத் தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முதல் கொண்டை ஊசியை ஒடிக்கும்போது அக்காவின் முகம் சுளித்ததையும் பார்த்தான்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது," என்றாள் பவுன்தாய். வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்தது. "வலிச்சிட்டுப் போகட்டும்டா. இந்த இறுக்கந்தான உன்னக் கொண்டாந்து சேத்துச்சு."