பதினேழாம் கொக்கி

"உங்க வில்லைய நீங்களே எடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

"தேயாது. ஆனா அப்புறம் என்னைத் திட்டறதுக்கு உனக்கு என்ன சாக்கு இருக்கும், சொல்லு."

"வீட்ல திட்டறது பத்தாதா?"

"வீட்ல திட்டறது என் பொண்டாட்டி. இங்க திட்டறது பலகை மேடம். மேடத்துக்குக் கோவம் வந்தா மூக்கு லேசா செவக்கும். அதப் பாக்கத்தான் மறக்கறேன்."

பதினோரு மாதத்துக்கு முந்தைய பேச்சு. ஒரு நாள்கூட அவள் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. பயிற்சிப் பருவம் மறுபடி தொடங்கிய அன்று காலை பலகை அறையின் பூட்டைத் திறந்தபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள். பதினேழாம் கொக்கி ஈரமாக இருந்தது.

மற்ற முப்பத்தொன்பது கொக்கிகளில் மாதக்கணக்கான தூசி அப்படியே இருந்தது. பதினேழில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழலாமா வேண்டாமா என்பதுபோல் திரண்டு நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

கடல் பக்கம்தானே, காற்றில் ஈரம் இருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அந்தக் கடலோரப் பயிற்சித் தளத்துக்கு அறுபது வயதாகிறது. மணலில் அடித்த சில கூடாரங்களோடு தொடங்கிய இடம். பிறகு படகுத்துறை வந்தது, சுடுதளம் வந்தது, கப்பலின் பக்கவாட்டைப் போலவே உயரமாய்க் கட்டிக் கயிற்று வலை தொங்கவிட்ட பெரிய சுவர் வந்தது. குளத்தில்கூட இறங்கியிராத பையன்கள் வருவார்கள். முழுச் சுமையோடு படகிலிருந்து குதித்து அலையைக் கிழித்துக் கரையேறும் வீரர்களாகப் போவார்கள். நாட்டின் எந்தக் கப்பலில் ஏறினாலும் இங்கே உப்புத் தண்ணீர் குடித்தவன் ஒருவனாவது இருப்பான் என்று அவள் கணவன் பெருமையாகச் சொல்வான். அவனும் இங்கே படித்து, இங்கேயே நீச்சல் ஆசிரியர் ஆனவன்.

தளத்தின் முதல் வருஷத்தில் ஒரு சாயங்காலம், எண்ணிக்கை சரி என்று யாரோ சொல்ல, விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பேர் கரை ஒதுங்கியிருந்தார்கள். அன்றிலிருந்துதான் இந்தப் பலகை. கடலில் இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் அவனே எடுக்க வேண்டும். ஒரு வில்லை தொங்கினாலும் தேடுவிளக்கை அணைக்கக் கூடாது, படகைக் கட்டக் கூடாது, யாரும் ஈரத் துணியை மாற்றக் கூடாது.

அவள் கணவன் தன் பதினேழாம் எண் வில்லையை எடுக்க மறப்பான். எல்லோரும் குளிர் காற்றில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். பாவமாக இருக்கும். அதனால் அவன் கரையேறுவதை ஜன்னல் வழியே பார்த்ததும் அவளே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அவன் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தாள். கடல் மூட்டத்தில், தோளைச் சாய்த்து நடக்கும் ஓர் உருவம் துணி மாற்றும் கொட்டகைக்குள் போவதைப் பார்த்தாள். புருஷன் நடை தெரியாதா? கரைப் பொறுப்பில் இருந்தவன் அவள் கணவனின் நண்பன். எல்லோருக்கும் அவன் 'விசில்'. "பலகை காலியா, அண்ணி?" என்று கேட்டான்.

"காலி" என்றாள்.

விளக்கு அணைந்தது. படகுகளைக் கட்டினார்கள். அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று மணி நேரமாவது தண்ணீரில் உயிரோடு இருந்திருப்பார் என்றார் உடலைப் பார்த்த மருத்துவர்.

விசாரணையில் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். பலகை காலியாக இருந்ததா? இருந்தது. அப்படியானால் கரையேறிய பிறகு விதியை மீறித் தனியாக மறுபடி இறங்கியிருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். பயிற்சியில் இறந்தவர்களின் படங்கள் மாட்டிய சுவரில் அவன் படம் இல்லை.

வீட்டில் அத்தை மட்டும் அதை நம்பவில்லை. "சின்னதுலேந்து சொன்ன பேச்சத் தட்டினதே இல்லம்மா என் புள்ள. நீ அங்கதான இருந்த? ஒரு வார்த்த சொல்லேன்."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

பருவத்தின் முதல் நாள் மாலை, கடைசிப் பையனும் வில்லையை எடுத்துக்கொண்டு போன பிறகு, பலகையில் ஒன்று மிச்சம் தொங்கியது. பதினேழு. அந்த எண்ணை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வில்லை வீட்டில், துணி அலமாரியின் அடியில், பழைய போர்வைக்குள் இருந்தது. இருக்க வேண்டும். இங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். படகுத்துறை முனைக்கு அப்பால், தேடுவிளக்கின் வெள்ளை வட்டத்தின் ஓரத்தில், மார்பளவுத் தண்ணீரில் ஒருவன் நின்றான். வலது கையை நேராக உயர்த்தி, விரல்களை மடக்கியிருந்தான். இங்கே வருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லித்தரும் சைகை அது: படகு அனுப்பு.

"பலகை காலியா, அண்ணி?"

நாக்கு தானாகச் சொன்னது. "காலி."

விளக்கு அணைந்தது. இருட்டில், அலைச் சத்தத்துக்கு நடுவே, யாரோ தண்ணீரை விழுங்கி இருமுவது கேட்டது. வெகு நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் கழுத்தளவு. அதற்கு மறுநாள் வாயளவு. வில்லையை அவள் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். போர்வைக்குள் சுற்றினாள், பூட்டினாள், சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தினமும் மாலை அது கொக்கியில் இருந்தது. தினமும் ஆறு பத்துக்கு விசில் கேட்டான். அவள் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் கடலில் நின்றவன் மறுபடி மூழ்கினான். ஒரு தடவை மூழ்கடித்தது போதாது என்பதுபோல் தினமும்.

உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறாள். அத்தையின் முகம் வந்து நிற்கும். பெற்ற பிள்ளையைக் கொன்றவள் கையாலா இத்தனை நாள் சாப்பிட்டோம் என்று அந்த முகம் கேட்கும். வாய் மூடிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் மூட்டம் சீக்கிரமே இறங்கியது. டீசல் வாடை, நனைந்த ரப்பர் வாடை. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, வீட்டில் இன்னும் தீராமல் இருக்கும் அவனுடைய முகச்சவரச் சோப்பின் வாடை. பையன்கள் ஒவ்வொருவராக வந்து வில்லையை எடுத்தார்கள். "நாளைக்கு லீவு விட்டுடுவாங்களா மேடம்?" என்றான் ஒருவன். "கடலுக்கு ஏதுடா லீவு" என்று இன்னொருவன் அவன் முதுகில் தட்டினான். சிரிப்பு கொட்டகைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

ஒன்று மிச்சம்.

இன்று அது சொட்டவில்லை. வழிந்தது. பலகை நனைந்து, சுவர் நனைந்து, தரையில் தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. ஐஸ் மாதிரி.

ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

தலை இல்லை. தோள் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே மட்டும். ஒரு கை. அலை வந்தது, ஏறியது, இறங்கியது. கை அசையவில்லை. மடங்கிய விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

அவள் பார்க்கப் பார்க்க அது ஒரு விரலளவு இறங்கியது.

இதற்கு மேல் இறங்க இடமில்லை. நாளைக்குக் கை இருக்காது. நாளைக்கு நிஜமாகவே காலி.

கதவருகே விசில் வந்து நின்றான். ஒரு கை வெளிச் சுவரில், விளக்கின் சுவிட்ச் மேல்.

"ஆறு பத்து, அண்ணி. பலகை காலியா?"

வாய் 'கா' என்று திறந்தது. நின்றது.

"அண்ணி?"

அவன் அவள் பார்வை போன பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளிறுவதை அவள் பார்த்தாள்.

"எண்ணிக்கை சரியா இருக்கே..." குரல் கீச்சிட்டது. "அண்ணி. அங்க யாரு?"

தண்ணீர் கணுக்கால் ஏறியது. கடலில் அந்தக் கை, முதல் முறையாக, மெதுவாக, இந்த ஜன்னல் பக்கம் திரும்பியது.

"லைட்ட அணைக்காதீங்க" என்றாள். பதினோரு மாதமாகத் தொண்டையில் கிடந்தது, கிழித்துக்கொண்டு வந்தது. "காலி இல்ல. அன்னைக்கும் காலி இல்ல. நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன். அவரு இன்னும் தண்ணியிலதான் இருக்காரு. படக அனுப்புங்க தம்பி. ஐயோ, சீக்கிரம் படக அனுப்புங்க."