மீனாக்ஷி வைத்த ரசம்

1912, கல்கத்தாவில் பவானிபூர். மாலை ஆறு மணி. ரசச் சொம்பும் கையுமாகக் கூடத்தில் நின்று சந்தானம் கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணாவுக்கு மன்னி விஷம் வெக்கறா! போலீஸுக்கு ஆள் அனுப்பியாச்சு!"

அண்ணன் அனந்தகிருஷ்ணன் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. சிரித்தால் வலப்பக்கம் தங்கப் பல் மின்னும். நவராத்திரி பூஜோ முடிந்ததிலிருந்து அந்தச் சிரிப்பே இல்லை. ஓயாத காய்ச்சல், மூட்டெல்லாம் வீக்கம், முகம் வெளுத்துவிட்டது. டாக்டரும் கைவிரித்துவிட்டார். சமைப்பவள் இளைய மனைவி மீனாக்ஷி என்பதால் பழி அவள் தலையில் விடிந்தது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வீட்டு சுந்தரேசன் கிடர்பூர் துறைமுகக் கஸ்டம்ஸில் கள்ளச்சரக்கு பிடிப்பவர். சத்தம் கேட்டு வந்தவர் சொம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார். சந்தானம் அலறினான்.

"மிளகு கொஞ்சம் தூக்கல். வேற ஒண்ணுமில்லே."

சொல்லிவிட்டு அனந்தகிருஷ்ணன் படுத்திருந்த அறைக்குள் விரைந்தார். போலீஸ் வருவதற்குள் உண்மையைப் பிடித்தாக வேண்டும்!

கட்டிலருகே சற்றுமுன் சாப்பிட்ட தட்டு. ரசம் சாதம் காலி. அப்பளம் மட்டும் முழுசாக இருந்தது.

"அப்பளத்துக்கு உயிரை விடுவீரே ஓய்?"

"இப்போ பிடிக்கலை."

அறையெங்கும் கிராம்பு வாசனை. "கிராம்பு யாருக்கு, மீனாக்ஷி?"

"அவருக்குத்தான், மாமா. வலது கடைவாயிலே அடக்கிண்டே இருப்பார்."

சுந்தரேசன் துள்ளிக் குதித்தார். "அந்தப் பல்லுக்குத் தங்க உறை எப்போ போட்டுண்டீர்?"

"உத்தியோகம் உசந்தப்போ. பூஜோவுக்கு முன்னாடி."

"வாயைத் திறவும்!"

பெட்டிகளைத் தட்டிப் பார்க்கும் கை. பென்சிலால் இடப்பக்கப் பற்களைத் தட்டினார், ஒன்றுமில்லை. தங்கத்தில் பட்டதும் அனந்தகிருஷ்ணன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

"இதோ குற்றவாளி! அடியிலே சொத்தை, அதைச் சுத்தம் பண்ணாம தங்கத்தாலே மூடியாச்சு. சீழுக்கு வெளியே வழியில்லே, ரத்தத்துலே கலந்து உடம்பெல்லாம் போறது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், தங்கத்தைத் தட்டலை. பளபளன்னு மூடின பெட்டியைத்தான் நாங்க முதல்லே திறப்போம்!"

கைது செய்ய வந்த போலீஸ்காரரையே பல் டாக்டரை அழைத்துவர அனுப்பினார். உறையைக் கழற்றியதும் கிளம்பிய நாற்றத்தில் முதலில் வெளியே ஓடியவன் சந்தானம்.

பல் போனது, சில வாரங்களில் காய்ச்சலும் போனது. பொக்கை தெரியச் சிரித்துக்கொண்டு அனந்தகிருஷ்ணன் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தோடு வந்த மீனாக்ஷி நேரே சந்தானத்திடம் போய் நின்றாள்.

"முதல்லே நீங்க குடிச்சுக் காட்டுங்கோ."

சந்தானம் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. அன்று ரசத்தில் மிளகு குறைவு.