தொண்ணூற்றாறு கிலோ

"நீ வர வேணாம். அப்பா மட்டும் வந்தா போதும்."

வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டியபடி, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள் செந்தமிழ்ச்செல்வி. இட்லிப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த கமலவேணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

பதினோரு மாதங்களாக அம்மாவோடு பேசாதிருந்த மகள், இன்று வாய் திறந்து பேசிய முதல் பேச்சு இது!

"போட்டிக்கு முன்னாடி எடை பாத்து முடிச்சதும் பசிக்குமே கண்ணு... நாலு இட்லி வெச்சித் தரேன், எடுத்துட்டுப் போயேன்..."

"மாஸ்டர் வாங்கிக் குடுப்பாரு."

பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்வி படியிறங்கினாள். முத்தியால்பேட்டையின் அந்தக் குறுகலான தெருவில், நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து போகும் அந்த அகன்ற தோள்களைக் கமலவேணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாத்தியா? பெத்தவளயே வராதன்னு சொல்லிட்டுப் போவுது!" கூடத்திலிருந்து அன்னக்கிளியின் குரல் வந்தது. "சொல்லாம இன்னா பண்ணும்? போன வருசம் அது பொழப்புல மண்ணள்ளிப் போட்டவளாச்சே நீ!"

அன்னக்கிளி, கமலவேணியின் கணவன் ராமலிங்கத்துக்கு அக்கா. புருஷன் இறந்த பிறகு மகன் பிரேம்குமாரோடு தம்பி வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கமலவேணி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. சட்டை மாட்டிக்கொண்டிருந்த ராமலிங்கமும், அக்கா சொல்வது சரிதான் என்பதுபோல் தலையாட்டினான்.

செல்வி சின்ன வயதில் ஆளைக் கண்டாலே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் 'குண்டு' என்று கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவாள். பன்னிரண்டு வயதில் உடற்பயிற்சி டீச்சர் அவளை ஹரிகிருஷ்ணன் மாஸ்டரிடம் எடை தூக்கக் கொண்டுபோய்விட்டார். ஒரே வருடம்! பிள்ளை நடக்கிற நடையே மாறிப்போனது. எந்த உடம்பை மறைக்கத் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாளோ, அதே உடம்பை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனாள். நோட்டுப் புத்தகங்களில் பெயரை எழுதி, அதன் கீழே 'வெயிட்லிஃப்டர்' என்று எழுதினாள். "நீ யாரும்மா?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், அப்பா பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்வாள்.

அப்படிப்பட்ட பிள்ளையின் பெயரைத்தான், போன வருடம் தென்மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னாள் கமலவேணி.

விஷயம் தெரிந்த அன்று செல்வி பையைத் தூக்கி எறிந்துவிட்டு நடுக்கூடத்தில் நின்று கதறினாள். "ஏம்மா? எதுக்கும்மா இப்படிப் பண்ண? நான் ஜெயிச்சா உனுக்கு இன்னாம்மா கஷ்டம்?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். இந்த வருசம் வேணாம், அவ்ளோதான்."

அதற்கு மேல் காரணம் எதையும் கமலவேணி சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே மாஸ்டரிடம் போய், பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஏன் நிறுத்தினாள், ஏன் சேர்த்தாள்... யாருக்கும் புரியவில்லை. பைத்தியக்காரி என்றாள் அன்னக்கிளி. ராமலிங்கம் சாப்பாடு, தண்ணீர் என்று வேண்டியதற்கு மட்டும் வாய் திறந்தான். செல்வி அதுவும் இல்லை.

"இவ வயித்துல பொறந்ததுதான் அந்தப் பொண்ணு பண்ண பாவம்!" அன்னக்கிளி இன்னும் நிறுத்தவில்லை. "சொந்தப் பொண்ணு மேல வயித்தெரிச்சல் புடிச்ச தாயை நான் எங்கயும்..."

"போதும் நிறுத்தும்மா!"

வேலைக்குக் கிளம்பி வந்த பிரேம்குமார் கூடத்தின் நடுவே நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"பிரேம்... வேணாம்பா," என்று பதறிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள் கமலவேணி. "இன்னிக்கு வேணாம்!"

"இல்ல அத்தை. பதினோரு மாசமா நீங்க வாங்கிக் கட்டிக்கிறதப் பாத்துட்டு நான் இந்த வூட்லயே சோறு தின்னுனு இருக்கேன். என்னால முடியல." அவன் ராமலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "மாமா, செல்விக்கு மாத்திரை குடுத்தது நான்."

"இன்னா மாத்திரைடா?"

"அப்ப நான் ஜிம்முல வேலை பாத்தேன் இல்ல? அங்க குடுத்தாங்க. பலம் ஏறும்னாங்க. போட்டியில கூடாதுன்னு எனுக்குத் தெரியும் மாமா... இருந்தாலும் நம்ம வூட்டுப் பொண்ணு மெடல் வாங்கணும்னு ஆசை. வைட்டமின்னு சொல்லிக் குடுத்தேன். அது நம்பி மூணு மாசம் சாப்பிட்டுச்சு."

அன்னக்கிளியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அத்தைதான் கண்டுபுடிச்சாங்க. செல்விக்குக் குரல் மாறுது, மூணு மாசமா தலைக்கு ஊத்திக்கலன்னு பயந்துபோய், மாத்திரையைத் தூக்கிட்டுப் பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர்கிட்ட ஓடியிருக்காங்க. இத நிறுத்தலன்னா பொண்ணு உடம்பு கெட்டுடும், போட்டிக்குப் போனா சோதனையில மாட்டிக்கும், நாலு வருசம் தடை போட்டுடுவாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அன்னியோட மாத்திரைய நிறுத்தி, உடம்பு தேறுனப்புறந்தான் செல்விய மறுபடி சேத்துவுட்டாங்க. நான் அன்னிக்கே அத்தை கால்ல வுழுந்தேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும் அத்தைன்னு அழுதேன்... அதுக்காகத்தான் வாயத் தொறக்காம இருந்தாங்க!"

ராமலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது, கமலா?"

"சொன்னா நீங்க இவன அடிச்சிருப்பீங்க. அண்ணி புள்ளயக் கூட்டிக்கிட்டு வூட்ட வுட்டுப் போயிருப்பாங்க..." கமலவேணி பிரேமை ஒரு தரம் பார்த்தாள். "அதுகூடப் பரவால்லங்க. செல்விகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அந்த மூணு மாசத்துல எண்பத்தெட்டு கிலோ தூக்கிட்டேன்னு குதிச்சிக்கிட்டு வந்துச்சே... அது உன் பலமில்லடின்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்தப் புள்ளைக்குத் தன்னைப்பத்தித் தெரிஞ்சதே அது ஒண்ணுதாங்க. அதையும் புடுங்கிட்டா அதுகிட்ட இன்னா இருக்கும்? என் மேல கோவம் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அன்னக்கிளி தள்ளாடியபடி எழுந்து வந்தாள். கமலவேணியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள். "எம்புள்ள பண்ண தப்புக்கு உன்னை நானே... தெனம் தெனம்... ஐயோ, என் வாய் அழுவிப் போவ!"

"அழாதீங்க அண்ணி."

"நீ போ. மொதல்ல பொண்ணு தூக்குறதப் போய்ப் பாரு. நீ ஒரு தடவகூடப் பாத்ததில்லயேடி..."

உண்மைதான். ஆறு வருடமாக மகள் எடை தூக்குகிறாள். கமலவேணி ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு போட்டியின்போதும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும், இல்லை விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

இந்த வருடத் தென்மண்டலப் போட்டி புதுச்சேரியிலேயே நடந்தது. உப்பளத்து உள்ளரங்கத்தில் ராமலிங்கமும் பிரேமும் முன்வரிசைக்குப் போக, கமலவேணி கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். தன்னைக் கண்டு பிள்ளை மனசு கலங்கிவிடக் கூடாது.

"செந்தமிழ்ச்செல்வி, புதுச்சேரி!"

ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையில் ஏறி வந்தவள் காலையில் ஷூ கட்டிக்கொண்டிருந்த பெண்தானா? கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டு, கம்பியின் முன்னால் வந்து நின்ற அந்த நிற்பில் பயமும் இல்லை, அலட்டலும் இல்லை. முதல் முறை எண்பத்தெட்டு கிலோ. போன வருடம் மாத்திரையோடு தூக்கிய அதே எடை! செல்வி அதைக் குடத்தைத் தூக்குவதுபோலத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினாள்.

கமலவேணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது தொண்ணூற்றாறு. அதைத் தூக்கினால்தான் முதலிடம். மார்பு வரை வந்தது. மேலே போகும்போது ஒரு பக்கம் சாய்ந்தது... கம்பி தடாரென்று விழுந்து மேடையே அதிர்ந்தது. கமலவேணிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் செல்வி அழவில்லை. விழுந்த கம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு, நிதானமாக இறங்கிப் போனாள்.

மூன்றாவது முறை, கடைசி வாய்ப்பு, அதே தொண்ணூற்றாறு.

செல்வி குனிந்தாள். கம்பியைப் பற்றினாள். ஒரு மூச்சு. ஒரே இழுப்பில் மார்புக்கு வந்தது, கம்பியைத் தாங்கியபடியே அதன் அடியில் குந்தினாள். தொடைகள் நடுங்கின. எழ முடியாது என்றுதான் தோன்றியது... எழுந்தாள்! கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். பிறகு முழு எடையும் காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. கைகள் விறைத்து நின்றன, முன்னும் பின்னுமாகப் பிரிந்த கால்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

கழுத்து நரம்பு புடைக்க, இரும்பைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு நின்றாள் அவள் மகள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வருகிற மலைப்பு கமலவேணிக்கு வந்தது. இதை நானா பெற்றேன்? உடம்பைத்தான் நான் கொடுத்தேன்... இப்படி நிற்கிறவளை யாரும் கொடுக்கவில்லை, அவளே அல்லவா உண்டாக்கிக்கொண்டாள்!

மூன்று நடுவர்களும் சரி என்றதற்கு அடையாளமாக மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. அரங்கம் ஆர்ப்பரித்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த நடைபாதையில் பிரேம் எல்லாவற்றையும் செல்வியிடம் சொன்னான். மாஸ்டரிடமும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். செல்வி அசையாமல் கேட்டாள். பிறகு, சற்றுத் தள்ளி நின்ற கமலவேணியைப் பார்த்தாள்.

"அப்ப... போன வருசம் தூக்குனது நான் இல்லயா?"

அந்தக் கேள்விக்குத்தான் கமலவேணி பதினோரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். ஆனால் இப்போது பயம் வரவில்லை.

"அதுல எவ்ளோ நீ, எவ்ளோ மாத்திரைன்னு எனுக்குத் தெரியாது கண்ணு. இன்னிக்குத் தூக்குனது நீதான். முழுசா நீதான். நான் கண்ணால பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கணும் இல்லம்மா?" செல்வியின் உதடு துடித்தது. "என் உடம்பும்மா அது! உன்னை நான் எப்படியெல்லாம் வெறுத்தேன் தெரியுமா? தூக்க முடியாமப் போனப்பல்லாம் நீ வுட்ட சாபம்னு நெனச்சேம்மா..."

"சொல்லியிருக்கணும். தப்புதான். நீ ஒடஞ்சி போய்டுவியோன்னு பயந்துட்டேன்... நீ யாருன்னு எனுக்கே இன்னிக்குத்தாண்டி தெரிஞ்சிது!"

செல்வி பாய்ந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியில் கமலவேணிக்கு மூச்சு முட்டியது. மாவும் வியர்வையும் அவள் புடவையெல்லாம் அப்பிக்கொண்டன. இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். ராமலிங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

கையில் காகிதத்தோடு ஒரு அதிகாரி அம்மாள் அங்கே வந்து நின்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "செந்தமிழ்ச்செல்வி? ஊக்கமருந்துச் சோதனைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். சாம்பிள் குடுக்கணும், என்கூட வாங்க."

பிரேம்குமார் தலையைக் குனிந்துகொண்டான். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

"வாங்க மேடம், போலாம்," என்றாள்.

அந்த நீண்ட நடைபாதையில் அவள் நிமிர்ந்து நடந்து போவதைக் கமலவேணி பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு சாத்திய பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.