வெளியே: 1

ஆறு மணிக்கு எழுந்தான். தம்ளரில் இருந்த இரண்டு பிரஷ்களையும் நனைத்து, ஒன்றில் மட்டும் பல் துலக்கிவிட்டு, இரண்டையும் திரும்ப வைத்தான். தேநீர் போட்டான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அதில் இரண்டாவது பொத்தான் இல்லை. ஐந்து மாதமாகவே இல்லை. பிறகு மேசைமுன் உட்கார்ந்து, மனைவி விட்டுப்போன இணையதளத்தைத் திறந்தான்.

வெளியே: 1.

அந்தச் சொல் அவள் வைத்தது. தையல் அளவுகளையும் வெட்டும் முறைகளையும் பகிர்ந்துகொள்கிற தளம்; நானூற்றுச் சொச்சம் பெண்கள் இருந்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'பரிசீலனையில்', 'அனுமதிக்கப்பட்டது' என்றெல்லாம் எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை. காத்திருப்பவர் வெளியே. சேர்ந்தவர் உள்ளே. எல்லாம் தானாகவே நடக்கும்படி செய்துவிடலாமே என்று தளத்தை அமைத்துக் கொடுத்தவர் சொன்னதற்கு, "கதவுக்கு ஒரு ஆள் வேணும் சார்" என்று மறுத்துவிட்டாள். ஒரு தடவை எவனோ பெண் பெயரில் உள்ளே வந்து கண்டதையும் அனுப்பியிருந்தான். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் அவளே போன் செய்தாள். குரல் கேட்ட பிறகுதான் திரையில் 'உள்ளே' என்ற பொத்தானை அழுத்துவாள்.

"யாரு பேசறது?" என்றால் பாதிப்பேர் "நான்தான்" என்பார்கள். அவள் விடமாட்டாள். "எந்த நான்?" என்பாள். வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுகிற அவனிடமும் அதே வம்புதான். "நான்தானா? அந்தப் பேர்ல இங்க யாரையும் தெரியாதே" என்று உள்ளிருந்து சிரிப்பாள். முழுப்பேரையும் ஒப்பித்தால்தான் தாழ்ப்பாள் விலகும்.

இப்போது அந்த வேலை அவனுடையது. "அவ ஆரம்பிச்சது, மூடிடாதீங்க மாப்பிள்ளை" என்று மாமியார் கேட்டுக்கொண்டாள். சரி என்றான். முடியாது என்று சொல்லக்கூட மனசுக்குள் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

படிவத்தைத் திறந்தான்.

பெயர் என்ற இடத்தில் 'நான்தான்' என்று இருந்தது. முகவரி, அவன் வீட்டுக் கதவெண். தொலைபேசி, அவளுடைய எண். 'இப்போது என்ன தைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரே வரி.

நூல் கோத்துக்கிட்டிருக்கேன்.

அவளுடைய போன் தையல் அறையில் மெஷின் இழுப்பறைக்குள் கிடக்கிறது. சார்ஜ் போட்டு ஐந்து மாதம். அறையைப் பூட்டியதும் அவன்தான். சாவி எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கியது. மச்சினிக்குப் போன் செய்தான்.

"ஏய், சைட்ல சேரணும்னு நீயா எழுதிப்போட்ட?"

"நானா? எனக்குப் பொத்தான் காஜா எது, கிழிஞ்ச ஓட்டை எதுன்னே தெரியாது மாமா. அக்காவே என்னை உள்ள விடல. 'உனக்கு எதுக்குடி, கண்ணைக் குத்திக்கவா'ன்னு கேட்டா." சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு ஆமான்னு அர்த்தமா, போனை வைன்னு அர்த்தமா?"

"ரெண்டும்."

"அம்மா நேத்தும் அழுதாங்க. கடைசி மூச்சுலகூட அக்கா 'வேளாவேளைக்குச் சாப்பிடு'ன்னு உங்களைத்தான் நெனச்சிருக்கான்னு."

போனை வைத்தான். அது பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் இட்டுக்கட்டிச் சொன்னது. உண்மையில் மனைவி சொன்னது வேறு. காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லவில்லை.

படிவத்தை அழித்தான்.

மறுநாள் காலை, இரண்டு பிரஷ், ஒரு தேநீர், அதே சட்டை. வெளியே: 1. அதே பெயர், அதே எண்.

நீலச் சட்டை. ரெண்டாவது பொத்தான்.

அழித்தான். கை நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. பகல் முழுக்க வீட்டுக்குள் ஈரத்துணி வாடையும், அதற்கு அடியில் தையல் மெஷின் எண்ணெய் வாடையும் மெல்லப் பரவி, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல், திரைச்சீலையிலும் தலையணையிலும் அவன் சட்டைக் கழுத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டன. நாலு மணிக்கே அறை இருண்டது. மழை ஓய்ந்தும் ஒரு சத்தம் ஓயவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற நீர் என்றுதான் வெகுநேரம் நினைத்திருந்தான், ஆனால் சொட்டு இப்படிச் சீராக ஓடி, துணியைத் திருப்புகிற நேரம் நின்று, மறுபடி ஓடாது.

திரையைப் பார்த்தான்.

வெளியே: 1.

ஆழமாத் தைக்கணும். இல்லேன்னா மறுபடி அறுந்துடும்.

அழிக்கவில்லை. அவள் போன் செய்வாள் அல்லவா, அவனும் செய்தான். அவளுடைய எண்ணுக்கு. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. மூன்று முறை. யாரோ எடுத்தார்கள்.

"யாரு பேசறது?" என்றான்.

"நான்தான்."

அவள் குரல். விடியற்காலையில் போர்வைக்குள்ளிருந்து வருகிற, லேசாகக் கரகரத்த குரல்.

அடுத்த கேள்வி அவனுக்குத் தெரியும். இரண்டே சொல். நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்டால் பதில் வராமல் போகலாம். லைன் அறுந்துபோகலாம். அப்புறம் அந்தக் குரல் இல்லை. இனி எந்தக் காலையிலும் இல்லை.

குரல் கேட்டாச்சு, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

'உள்ளே' என்பதை அழுத்தினான்.

வெளியே: 0.

மெஷின் நின்றது.

சாவி ஆணியிலேயே இருந்தது. கதவு மூடியே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். மார்பில் ஏதோ இழுத்தது. குனிந்தான்.

இரண்டாவது பொத்தான்.

நாலு துளையிலும் நீல நூல். பெருக்கல் குறிபோல, நெருக்கமாக, அவள் தைக்கிற மாதிரியே. சட்டையை விலக்கினான். விலகவில்லை. நூல் துணியோடு நிற்கவில்லை. தோலுக்குள் போயிருந்தது. அதற்கும் கீழே போயிருந்தது. ரத்தம் இல்லை. வலி இல்லை. ஐந்து மாதமாக அவனுக்கு எதுவும் வலித்ததில்லை.

நூலை வெட்டாமல் விட்டிருந்தது. அது மடியில் இறங்கி, தரையில் ஓடி, தையல் அறைக் கதவின் அடியில் நுழைந்திருந்தது. தொய்வாக.

பிறகு தொய்வாக இல்லை.

உள்ளே யாரோ நூலை விரலில் சுற்றினார்கள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நாற்காலி நகர்ந்தது. அவனோடு.

ஆஸ்பத்திரியில் அன்று அவள் கண்ணைத் திறந்து, அவன் சட்டையைப் பொத்தான் அறும்படி பிடித்து இழுத்து, பிதற்றல் துளியும் இல்லாமல்தான் சொன்னாள்.

"'நான்தான்'னு வந்தா உள்ள விட்டுடாத. அது நான் இல்ல."